கலியாணமா, செத்த வீடா?

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்து நம் தமிழ் நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டுகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். போன கிழமை நான் வடை கொண்டுவந்த நேரம் உங்களில் ஒருத்தி லண்டன் டிவியின் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் பரீட்சையாம். "அன்ரி, நைன்டீன் செவன்டி ஃபோர்ல லண்டன்ல கரண்ட் பத்தாம டிவியைப் பத்தரைக்கே மூடினவையாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும், மோளே. அந்த வருஷத்து லண்டன் டிவி என் மடியில் கிடந்தது.

நீங்கள் வடையைப் பார்த்தீர்கள், நானும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள். பிழை விடுகிற வேலைக்குத்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் லண்டன் நாடகங்கள் தகர டின்களில் வரும். ஃபிலிம் சுருள். முதலில் மெல்பேர்னில் ஒரு நிலையம் காட்டும், காட்டி முடித்துவிட்டு ரயிலில் சிட்னிக்கு எங்களிடம் அனுப்பும். வருஷத் தொடக்கத்தில் அங்கே கரண்டுக்குத் தட்டுப்பாடு என்றால் அந்த நாடகம் எங்களிடம் வந்து சேர வருஷக் கடைசியாகிவிடும். லண்டனில் வெளிச்சம் திரும்பி வந்து எவ்வளவோ நாளைக்குப் பிறகுதான் அவர்களுடைய இருட்டு எங்களுக்கு வரும்.

நான் அந்தச் சிட்னி டிவி நிலையத்துக்கு நிலம் துடைக்கப் போனவள். என் மனிதர் ரயில்வே வேர்க்‌ஷாப்பில் ஃபிற்றர், வீடு ஸ்ட்ராத்ஃபீல்டில். வந்து ஒரு வருஷம்தான். ஒரு நாள் ஃபிலிம் அறையைக் கூட்டும்போது நிலத்தில் ஒரு துண்டு ஃபிலிம் கிடந்தது. நான் அதைக் குப்பையோடு தள்ளாமல், இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்தேன். அறைக்குப் பொறுப்பாக இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் பெயரை எழுத மாட்டேன். நான் மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். லண்டனில் பிறந்தவள், ஐம்பது வயதிருக்கும், வாயில் எப்போதும் சிகரெட். எல்லோரையும் 'லவ்' என்பாள். முதல் நாள் என்னையும் அப்படிக் கூப்பிட்டபோது நான் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். பிறகு குப்பை எடுக்க வருகிறவனையும் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கண்டேன்.

அவள் கேட்டாள், "உனக்கு வாசிக்கத் தெரியுமா, லவ்?"

நான் "யெஸ்" என்றேன்.

அது பொய் இல்லை. தமிழ் வாசிப்பேன், எழுத்துக் கூட்டி, மெல்ல. எந்தப் பாஷை என்று அவள் கேட்கவில்லையே.

அடுத்த கிழமை என் கையில் விளக்குமாறு இல்லை, வெள்ளைப் பருத்திக் கையுறை இருந்தது. மனேஜருக்கு அது பிடிக்கவில்லை. துடைக்க வந்தவளை மேசையில் இருத்தினால் ஒரு நாளைக்கு முழு சிட்னியும் சிரிக்கும் என்றார். மிஸ் சொன்னது இது. அவள் இங்கிலிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "அப்பிடி ஒரு நாள் வந்தா, நானும் இவளோட சேர்ந்து நிலம் துடைக்கிறன்."

வேலை இதுதான். மேசையின் இரண்டு பக்கமும் சுழற்றுகிற தட்டு, நடுவில் ஒரு சிறிய விளக்கு. ஃபிலிமைக் கையால் சுற்றிச் சுற்றி, கிழிசல் இருந்தால் ஒட்டி, ஊத்தை இருந்தால் துடைத்து, நாடகத்தின் பாகங்களை வரிசையாக வைக்க வேண்டும். பாகங்களுக்கு நடுவே விளம்பரம் போகும். மேசையில் சத்தம் வராது, படம் மட்டும்தான். லண்டன்காரர் வாயை அசைப்பார்கள், என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. சத்தம் வந்தாலும் விளங்கப் போவதில்லை.

இலக்கங்கள் எனக்குத் தெரியும். டின்னில் ஒன்று, இரண்டு என்று இருக்கும். ஃபிலிமின் தொடக்கத்தில் படம் இல்லாத ஒரு வெறும் துண்டு வரும், அதை முன்வால் என்போம், அதிலும் அதே இலக்கம் இருக்கும். ஆறு மாதம் இலக்கத்தாலேயே ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. என் கையுறையின் வெள்ளையைப் பார்த்துவிட்டு, எதிர் அறையில் ஃபிலிமை ஓட்டுகிற கிரேக்கன், "மிஸஸ், நீ டொக்டர் வேலைக்குப் போகலாம்" என்பான்.

அப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை. ஏழரைக்குப் போக வேண்டிய நாடகம் பின்னேரம் ஆறு மணிக்கும் வந்து சேரவில்லை. ஆறரைக்கு வந்தது, மழையில் நனைந்து வந்தது. டின்னில் ஒட்டின காகிதம் கரைந்து கூழாகிவிட்டது. திறந்தேன். நான்கு சுருள். மெல்பேர்ன்காரர் அவசரத்தில் நான்கின் முன்வாலையும் வெட்டி எறிந்திருந்தார்கள். இலக்கம் ஒன்றும் இல்லை. அடியில் மடித்த ஒரு தாள் கிடந்தது. முழுக்க இங்கிலிஷ். எந்தப் பாகத்தில் என்ன நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது என்பது இப்போது தெரியும். அப்போது எனக்கு அது ஈரமான ஒரு தாள்.

மிஸ் நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். கிரேக்கன் எதிர் அறையில், பத்து அடி தூரம். தாளைக் கொண்டுபோய் "இதை ஒருக்கா வாசி" என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் போகவில்லை. வாசிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்தால் கன்ரீனுக்குத் தெரியும், கன்ரீனுக்குத் தெரிந்தால் மனேஜருக்குத் தெரியும். தாளை ஏப்ரன் பையில் வைத்தேன்.

முதல் பாகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நாடகத்தின் பெயர் பெரிதாக வந்தது. கடைசிப் பாகத்தின் முடிவில் ஆட்களின் பெயர்கள் ஓடின. மிச்சம் இரண்டு சுருள். ஒவ்வொன்றிலும் தொடக்கத்தை மட்டும் சுற்றிப் பார்த்தேன், முழுக்கப் பார்க்க நேரம் இல்லை.

ஒன்றில் ஒரு பெண். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை. தலையில் வெள்ளை முக்காடு. அழுகிறாள். ஒரு வயதான மனிதர் அவளைக் கையில் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வருகிறார். இரண்டு பக்கமும் சனம் எழும்பி நிற்கிறது. எங்கும் பூ.

மற்றதில் ஆண்கள் எல்லோரும் நல்ல கோட் சூட். பெண்கள் பட்டுப் போல மினுங்குகிற உடுப்பு, தொப்பி, கையில் பை. நீளமான கார், காருக்கு மேல் பூ. ஆட்கள் வாசலில் நின்று கைகொடுக்கிறார்கள். உடுப்பு கறுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் அது கறுப்பு வெள்ளைப் படம், பிள்ளைகளே. கலர் வர இன்னும் சில மாதங்கள் இருந்தன. கறுப்பு வெள்ளையில் சிவப்புக் கூறைச் சேலையும் கறுப்பாகத்தான் தெரியும் என்று எனக்கு நல்லாய்த் தெரியும், என் கலியாணப் படத்தில் நான் கறுப்புச் சீலைதான் கட்டியிருக்கிறேன்.

இனி என்ன யோசிக்க இருக்கிறது. கோட் சூட்டும் காரும் கலியாணம். வெள்ளை கட்டி அழுகிறவள் புருஷனைப் பறிகொடுத்தவள். முதலில் கலியாணம், பிறகு சாவு. எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள் இல்லை, கோயிலுக்குள் அவர்கள் கலியாணம் கட்டுகிறதை நான் கண்டதில்லை. அதுவரை என் கையில் வந்த லண்டன்காரரும் கலியாணம் கட்டவில்லை. கொலை செய்தார்கள், பொலிஸ் வந்தது, எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

நான்கு சுருளையும் கட்டி, ஏழு இருபதுக்குக் கிரேக்கனிடம் கொடுத்தேன். பெருமையோடு கொடுத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் பாகம் போனது. பெரிய ஆலை முதலாளியின் மகள் ஒரு கப்பல்காரனை விரும்புகிறாள், தகப்பன் மறிக்கிறார். விளம்பரம். இரண்டாவதாக நான் வைத்த சுருள் தொடங்கியது. நீளக் கார் வந்து நின்றது. நான் கிரேக்கனின் அறைக்கதவில் சாய்ந்துகொண்டு, இப்போது மாப்பிள்ளை இறங்குவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி இறங்கியது.

கிரேக்கன் திரும்பி என்னைப் பார்த்தான். "மிஸஸ், இவன் எப்ப செத்தவன்?"

பெட்டிக்குப் பின்னால் அந்த மகள் நடந்து வந்தாள், தலை முதல் கால் வரை கறுப்பு. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மற்றச் சுருளில் வெள்ளை கட்டி வந்தவள் மணப்பெண். நான் மாப்பிள்ளையை முதலில் புதைத்துவிட்டேன், அவன் இனித்தான் கலியாணம் கட்ட வேண்டும்.

அந்த நேரம்தான் மிஸ் கோட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், சிகரெட்டை எடுத்தாள், வாயில் வைக்கவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் எனக்கு நல்ல பொய் ஒன்று ஆயத்தமாக இருந்தது. மெல்பேர்ன்காரர் பிழையாகக் கட்டி அனுப்பினார்கள் என்று சொல்லியிருக்கலாம். லேபல் இல்லை, முன்வால் இல்லை, ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் மிஸ் மெல்பேர்னுக்குத்தான் டெலிபோன் எடுப்பாள். மிச்சம் இருந்த நேரம் அதிலேயே போய்விடும். பிழையைச் சொல்வதற்கு நல்ல நேரம், அதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கும் நேரம்தான். நான் ஏப்ரன் பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினேன்.

"மிஸ். மை மிஸ்ரேக். நோ ரீட் இங்கிலிஷ்."

அவள் தாளை வாசித்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள், அதைத் துடைக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்குப் பார்க்கிறவள் மாதிரி.

"ரெண்டாவது கலியாணம். மூண்டாவது செத்த வீடு. நாலாவதில அவள் தனிய இருக்கிறாள்," என்றாள். "பேசுறது பேந்து. என்ன செய்வம்?"

அந்தப் பாகம் முடிந்தது. கறுப்புக் கட்டினவள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, அவனுடைய படத்தைக் கையில் எடுத்தாள். விளம்பரம் வந்தது. மூன்று நிமிடம். முதலில் சவர்க்காரம்.

கிரேக்கன் சொன்னான், "கலியாணத்தை விட்டிட்டு நாலாவதுக்குப் போவம்."

"பேந்து பதினைஞ்சு நிமிசத்துக்கு என்னத்தைக் காட்டுறது? உன்ர முகத்தையா?"

"அப்ப மன்னிப்புக் கேப்பம்."

"கேட்டா மனேஜர் வீட்டில இருந்து பாத்துக்கொண்டிருப்பார்," என்றாள் மிஸ். "நாளைக்கு எனக்கும் இவளுக்கும் ஆளுக்கொரு வாளி."

சவர்க்காரம் முடிந்து கார் விளம்பரம் வந்தது. எனக்குக் கண்ணுக்குள் நின்றது அந்தக் கதிரைதான். ஒருத்தி கதிரையில் இருக்கிறாள், செத்தவனின் படத்தைக் கையில் வைத்திருக்கிறாள். யாழ்ப்பாணம் டவுணில் படம் பார்த்த எந்தக் குழந்தைக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். கதாநாயகி படத்தைப் பார்த்து அழுதால் திரை தண்ணீர் மாதிரி ஆடும், பழைய கதை வரும். அதற்கு ஒருவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இதை நான் இங்கிலிஷில் சொல்ல வேண்டும், ஒன்றரை நிமிடத்துக்குள்.

"மிஸ். லேடி சிற். லேடி க்ரை. லேடி திங்க்." கையை எடுத்துத் திரைக்கு முன்னால் அலை மாதிரி ஆட்டினேன். "ஓல்ட் டே. வெடிங். ஷீ திங்க் வெடிங்."

மிஸ் அந்தச் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு அறிவிப்பாளரின் கூண்டுக்கு ஓடினாள். அவளை ஓட்டமாக நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அறிவிப்பாளர் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்தார். அவள் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஸ்கிரிப்டில இருக்கோ?" என்று அவர் கேட்டார்.

"இப்ப இருக்கு. வாயைத் துடைச்சுப்போட்டு வாசி, லவ்."

பிஸ்கட் விளம்பரம். கிரேக்கன் என்னைப் பார்த்து, "திரை எப்பிடி ஆடும்?" என்றான். நான் மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளரைத் தண்ணீரோடு அவன் கையில் கொடுத்து, லென்சைக் காட்டினேன். அவன் ஊரிலும் இப்படிப் படம் ஓடியிருக்க வேண்டும், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விளம்பரம் முடிந்தது. அறிவிப்பாளர் கோயிலில் வாசிக்கிற குரலில் வாசித்தார். தனிமையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் நினைவு தன் மணநாளை நோக்கித் திரும்புகிறது என்று. கிரேக்கன் லென்சுக்கு முன்னால் தம்ளரைப் பிடித்து மெல்லத் திருப்பினான். முழு சிட்னியும் தண்ணீர் மாதிரி ஆடியது. அந்த ஆட்டத்துக்குள் இருந்து வெள்ளை உடுத்தின பெண் முக்காட்டோடு வந்தாள்.

அவன் உயிரோடு நின்று சிரிக்கிறான், மோதிரம் போடுகிறான், அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவன் செத்துவிட்டான் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மிஸ் என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "நாசமாய்ப் போக, லண்டனை விட இது நல்லாயிருக்கு," என்றாள்.

அன்றைக்கு முறைப்பாடு என்று ஒரே ஒரு டெலிபோன்தான் வந்தது. ஒரு கிழவர். படம் ஆடினதால் டிவிக்கு இரண்டு அடி போட்டாராம், அது இப்போது வேலை செய்கிறதில்லையாம்.

வீட்டுக்குப் போனேன். என் மனிதர் பக்கத்து ஃபிளாட்டில் இருந்து அதே நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து குசினியில் நின்றார்.

"இண்டைக்கு ஒரு நல்ல நாடகம். லண்டன்காரனும் எங்கட படங்களைப் பாத்துப் பழகீட்டான் போல," என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து சிரித்தார், பிறகு நிலத்தில் இருந்து சிரித்தார்.

"உனக்கு வெள்ளைக்காரன்ர கலியாணம் தெரியாதெண்டா என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"நீங்கள் எத்தினை வெள்ளைக்காரன்ர கலியாணத்துக்குப் போனனீங்கள்?"

"நான் ஒண்டுக்கும் போகேல்லை. ஆனா மேசன் ஒருத்தன்ர செத்த வீட்டுக்குப் போனனான். அங்க எல்லாரும் கறுப்பு."

"அதை இப்ப சொல்லுங்கோ."

காலையில் மனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். கையில் பத்திரிகை. நான் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பி நின்றேன். விளக்குமாறு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று எனக்கு மறக்கவில்லை.

பத்திரிகையில் டிவி பற்றி எழுதுகிறவர், நேற்றைய நாடகத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தார். சாவை முதலில் காட்டி மணத்தைப் பிறகு காட்டிய துணிச்சல், கண்ணீரின் ஊடாக நினைவைக் காட்டிய அந்தத் தண்ணீர் அலை, இதெல்லாம் லண்டன்காரருக்குத்தான் வரும், எங்கள் ஆட்களுக்கு எப்போது வருமோ என்று.

"லண்டனுக்கு ஒரு தந்தி அடிக்கப் போறன். பாராட்டி," என்றார் மனேஜர்.

மிஸ்ஸின் வாயில் இருந்த சிகரெட் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்.

"வேண்டாம்," என்றாள் மிஸ். "நான் அங்க பிறந்தவள், எனக்குத் தெரியும். அவங்களைப் புகழ்ந்தா வெக்கப்படுவாங்கள். பேந்து ஃபிலிம் அனுப்பமாட்டாங்கள்."

மனேஜர் யோசித்தார். தலையாட்டினார். போகும்போது என்னைப் பார்த்து, "இவளுக்கு வாசிப்பு எப்பிடி?" என்று கேட்டார்.

"இந்தக் கட்டடத்தில இவளைப்போல ஒருத்தரும் வாசிக்கிறேல்லை," என்றாள் மிஸ். அவளும் பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அவர் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். மேசையில் ஒரு பென்சிலை வைத்தாள். பார்ட், எண்ட், வெடிங், ஃபியூனரல் என்று நான்கு சொல் எழுதினாள். "நாளைக்கு இது நாலும் பாடம். நாளையிண்டைக்கு வேற நாலு. வாசிக்கத் தெரியாததுக்கு உன்னைத் துரத்த மாட்டன். பத்தடி நடந்து கேக்காம விட்டதுக்குத் துரத்துவன், இன்னொருக்கா அப்பிடிச் செய்தா."

இன்னொருக்கா செய்யவில்லை. அன்றிலிருந்து எந்த டின் வந்தாலும் கிரேக்கன் தன் அறையில் இருந்தே தலையை நீட்டி, "மிஸஸ், கலியாணமா, செத்த வீடா?" என்று கேட்பான். நானும் எழும்பிப் போய், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துத்தான் கட்டுவோம். உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் இலக்கத்தோடு வரும், தெரியும். ஆனாலும் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவரிடம் ஒரு தரம் காட்டுங்கள். உங்களுக்கு அழுகையாகத் தெரிகிறது அவருக்குக் கலியாணமாக இருக்கும்.

அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவுக்குக் கலர் வந்தது. அதே நாடகம் கலரில் திரும்ப வந்தது. இந்த முறை லேபல், முன்வால், இலக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நானே வாசித்தேன், வாய்விட்டு வாசித்தேன், கன்ரீன் வரைக்கும் கேட்கட்டும் என்று. கலியாணம் இரண்டாவது, செத்த வீடு மூன்றாவது. கூறைச் சேலை என்று நான் நினைத்த உடுப்பு கலரிலும் கறுப்பாகத்தான் இருந்தது.

ஒழுங்கான வரிசையில் ஓடியது. முடிவதற்குள் டெலிபோன் அடிக்கத் தொடங்கியது. மிஸ் எடுத்தாள், கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"நீ கதை. இது உன்ர ஆள்."

ஒரு மனுஷி கத்தினாள். போன வருஷம் எவ்வளவு அழகாகக் காட்டினீர்கள், அவள் அழ அழ, தண்ணீர் ஆட, பழைய நினைவு வந்ததே, இன்றைக்கு எந்த முட்டாள் பாகங்களை மாற்றிக் கட்டினது என்று கேட்டாள்.

கிரேக்கன் கதவடியில் வந்து நின்றான். நான் கையுறையைச் சரிசெய்துகொண்டு, அந்த ஒரு வருஷத்தில் படித்த இங்கிலிஷ் முழுவதையும் சேர்த்து, ஆறுதலாகச் சொன்னேன்.

"வெரி சொறி, மேடம். லண்டன்காரர் விட்ட பிழை."